செல்லியம்மன் வயசு

சென்னப்பட்டணத்துல பிரிங்க்லி தொரைன்னு ஒருத்தன் இருந்தான். ரோமாபுரியிலேருந்து கப்பல் கப்பலா பழைய சிலைங்களை எறக்கி, பங்களா பூரா நிறுத்தி வச்சிருந்தான். ஒண்ணுத்துக்கும் மூக்கு கெடையாது, பாதிக்குக் கையும் கெடையாது.

"மூக்கு முழுசா இருந்தா அது நேத்துச் செஞ்ச பொம்மை. ஒடஞ்சதுதான் பழசு, பழசுதான் ஒசத்தி"ம்பான். விருந்துக்கு வர்ற தொரைங்க எல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டுப் போவாங்க.

அந்தச் சிலைங்களைத் தொடைக்கிற வேலை நாகாத்தாளுக்கு. ஒருநாள் அவ ஊரு செல்லியம்மன் மேலயே தொரை கண்ணு வச்சுட்டான். கூட்டாளித் தொரைங்க, கூலியாளுங்க, மாட்டு வண்டி, கயிறு சகிதமா கோயில் வாசல்ல வந்து நின்னு, "ரொம்பப் பழைய சிலை, தூக்குங்கடா"ன்னான்.

நாகாத்தா முன்னால வந்தா.

"தொரை, மொதல்ல மூஞ்சியைப் பாருங்க. மூக்கு இருக்கு, விரலு பத்தும் இருக்கு. ஒடஞ்ச சிலையை நாங்க கும்புடுறதே இல்ல. உங்க கணக்குப்படி இது நேத்துச் செஞ்சதாச்சே. இல்ல, இதுதான் பழசுன்னா, பங்களாவுல நான் தொடைக்கிறதெல்லாம் சும்மா ஒடஞ்ச கல்லா?"

கூட்டாளிங்க அத்தனை பேரும் தொரையைத் திரும்பிப் பாத்தாங்க. அவன் மூஞ்சி செவந்துபோச்சு.

"புதுசுதான். வண்டியைத் திருப்பு"ன்னான்.

வண்டி மறைஞ்சதும் பூசாரி பதறிப்போயி வந்தாரு. "ஏம்மா, பூட்டன் காலத்துத் தெய்வத்தை நேத்துச் செஞ்சதுன்னுட்டியே, ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

"வயசைக் கொறச்சுச் சொன்னா எந்தப் பொம்பள கோவிச்சுக்கிறா, பூசாரி?"ன்னா நாகாத்தா.