ஏரிக்கரைப் புல்லில் ஒரு காப்பு

"அந்த வீட்டுக்கு நான் கட்ட மாட்டேனுங்க சாமி."

நல்லசிவம் கையிலிருந்த கோவைக்கொடியைக் கீழே போட்டான். போட்டான் என்பதைவிட எறிந்தான் என்பதே சரி.

அன்று மார்கழியின் கடைசி நாள். பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டு வாசலிலும் காப்புக் கட்டியாக வேண்டும். மற்ற ஊர்களில் வேப்பிலையையும் பூளைப்பூவையும் கொத்தாகப் பிடித்துக் கூரையில் செருகிவிட்டுப் போவார்கள். இந்த ஊருக்கு மட்டும் ஓடைக்கரை மடத்திலிருந்து வளையம் வரும். கோவைக்கொடியை வட்டமாகச் சுற்றி, இடையிடையே வேப்பங்கொழுந்து, மாவிலை, ஆவாரம்பூ, தும்பை, பூளை என்று செருகி, வாழைநாரால் கட்டுவார்கள். ஒரு வீட்டையும் விடக் கூடாது. அது மடத்து வழக்கம்.

மடத்தின் குரு வேலாத்தாள். நல்லசிவத்தைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவளை அவன் சாமி என்பான், அவனை அவள் அண்ணா என்பாள். இதில் இரண்டு பேருக்குமே எந்தச் சிரமமும் இல்லை.

சிரமம் எல்லாம் குழந்தைவேலுவால்தான்.

ஏரிக்கரை ஊருக்குப் பொது. ஆனால் குழந்தைவேலுவின் தோட்டத்தை ஒட்டி இருந்ததால், அது தன்னுடையது என்று அவர் நினைப்பு. கரை முழுக்கக் களைக்கொல்லி அடித்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லசிவத்தின் சாம்பல் நிற மயிலைப் பசு அந்தப் புல்லைத் தின்றது. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் செத்தது. அவனுக்கு இருந்ததே அந்த ஒரு மாடுதான். வீட்டு அடுப்பு எரிந்ததும் அதன் பாலில்தான்.

ஊர்க்கூட்டத்தில் கேட்டான். மருந்தில் ஒன்றுமில்லை, கிழட்டு மாடு, நோவு வந்து செத்தது என்றார் குழந்தைவேலு. கூட்டம் தலையை ஆட்டியது, வெற்றிலை போட்டது, கலைந்து போனது. போன வாரம் அவர் மறுபடியும் கரையில் மருந்தடித்தார்.

கரையில் பச்சையாக ஒரு பூளைச்செடி மிச்சமில்லை. மலையடிவாரம் வரை நடந்துபோய்ப் பூளை பறித்து வந்தவனும் நல்லசிவம்தான். அந்தப் பூவை அந்த வீட்டு வாசலுக்கே கட்டு என்றால் யாருக்குத்தான் எரியாது?

வேலாத்தாள் அவன் எறிந்த கொடியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிங்ணா. நீங்க கட்ட வேண்டாம்."

அவன் சண்டையை எதிர்பார்த்திருந்தான். அது கிடைக்காததால் கோபம் இன்னும் ஏறியது.

"நீங்க கட்டிருவீங்களா?"

"கட்டுவேன்."

"அப்ப என்ர மாட்டக் கொன்னவனுக்கும் பூளை, மாட்டப் பறிகுடுத்த எனக்கும் பூளை. அப்படித்தானுங்க? அவனுக்கு எது தகுமோ அதைத்தானுங்க கட்டோணும்?"

"எது தகும்?"

நல்லசிவம் வாயைத் திறந்தான். வசவுதான் வந்தது, அதையும் விழுங்கிக்கொண்டான்.

"கட்டிக் காட்டுங்க" என்றாள் வேலாத்தாள்.

அவன் விறுவிறுவென்று ஏரிக்கரைக்குப் போனான். மருந்து பட்டுப் பழுத்துக் கிடந்த புல்லை அறுத்தான். கருகி நின்ற பூளைத்தண்டுகளைப் பிடுங்கினான். கை அரித்தது. அரிக்கட்டும் என்று விட்டுவிட்டான். மடத்துக்கு வந்து யாரையும் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்தான்.

கோபத்தில் கட்டினால் கோணலாகத்தான் வரும் என்று நினைப்போம். வரவில்லை. காய்ந்த புல் ஒடியும் என்பதால் தண்ணீர் தெளித்துத் தெளித்து வளைத்தான். நாரை இறுக்காமல், நழுவவும் விடாமல் முடிந்தான். கருகிய தண்டுகளை ஒரே அளவாகக் கிள்ளி, ஒரே சாய்வில் செருகினான். மற்ற வளையங்களுக்கு அவன் இதில் பாதி நேரம்கூடச் செலவழித்ததில்லை.

வேலாத்தாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தன வருசமாக் கட்டறீங்க. ஒருநாளும் இவ்வளவு அழகா வந்ததில்லீங்ணா."

பாராட்டா, குத்தலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவரு கையில குடுத்துட்டு வாங்க" என்றாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான். குடுங்க. அப்புறம் அவரு என்ன சொல்றாரோ, அதைச் செஞ்சுட்டு வாங்க."

"அவன் சொல்றத நான் எதுக்குங்க செய்யோணும்?"

அவள் அடுத்த வளையத்துக்குக் கொடி சுற்ற ஆரம்பித்துவிட்டாள். நல்லசிவம் வளையத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தெருவில் பாதி வீடுகளுக்குக் காப்பு ஏறியிருந்தது. எதிரே வந்த தறிக்காரர் ஒருவர், இது போன பொங்கலுக்குக் கட்டியதா, அதற்கும் முந்தின பொங்கலுக்கா என்று கேட்டுச் சிரித்தார். நல்லசிவம் முறைத்ததில் சிரிப்பு பாதியில் நின்றது. ஏதோ நடக்கப்போகிறது என்று அவரும் பின்னாலேயே வந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

குழந்தைவேலுவின் வாசலில் புதுச் சுண்ணாம்பு வாசம். கம்பத்தில் ஒரு கன்று கட்டியிருந்தது. மயிலைக் கன்று. பால்குடி மறந்து புல் கடிக்கும் பருவம். வளையத்தைக் கண்டதும் கழுத்தை நீட்டி நாக்கைச் சுழற்றியது.

நல்லசிவம் சட்டென்று கையை மேலே தூக்கினான்.

குழந்தைவேலு வெளியே வந்தார்.

"காப்பா? என்னப்பா இது, வாடிப்போய்க் கெடக்குது. கன்னுக்குப் போட்டுட்டு வேற நல்லதாக் கொண்டா."

"இது ஏரிக்கரைப் புல்லுங்க" என்றான் நல்லசிவம். "நீங்க மருந்தடிச்ச புல்லு."

குழந்தைவேலு தெருவில் கூடி நின்றவர்களைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். அவர் கை தானாகப் போய்க் கன்றின் கயிற்றைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியது. கன்று பின்னால் இழுபட்டது. அதைத் தறிக்காரரும் பார்த்தார்.

அவர் பார்த்தது குழந்தைவேலுவுக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றைத் தளர்த்தி விட்டார்.

"மருந்துல ஒண்ணுமில்லன்னு அன்னைக்கே சொன்னனே. போடு. சாகுதான்னு ஊரே பாக்கட்டும்."

போட்டால் போதும். இனி ஊர்க்கூட்டம் வேண்டியதில்லை, சாட்சி தேட வேண்டியதில்லை. நாலு நாளில் எது பொய் என்று தெரிந்துவிடும். போடச் சொன்னது கன்றுக்குச் சொந்தக்காரரே. அவர் சொன்னதைச் செய் என்று சொன்னது குரு.

கன்று மறுபடியும் முன்னால் வந்து, அவன் முழங்கையை நக்கியது.

"போடறா" என்றார் குழந்தைவேலு. "போடலீன்னா, நீ சொன்னது பொய்யின்னு எல்லாரு முன்னாலயும் ஒத்துக்கிட்டுப் போ."

நல்லசிவத்தின் கோபம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. பொய் சொன்னேன் என்று அவன் ஒத்துக்கொள்ளவில்லை. வளையத்தைக் கன்றுக்கு எட்டாதபடி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றான்.

கையை இறக்கவில்லை.