மினுக்கியின் பிள்ளைகள் கறுத்த கதை

பூமியில் ஆழமாகத் துளை போட்டால், சில இடத்தில் கறுப்பு எண்ணெய் அடுப்புப் பால் மாதிரி பொங்கிக்கொண்டு வருகிறதே, அதற்கு என்ன அத்தனை அவசரம், சொல்லுங்கள் பார்ப்போம்?

அந்தக் காலத்தில், கடலும் கல்லும் வாய் திறந்து பேசிய நாளில், கண்ணுக்கே தெரியாத கடல்பாசி ஒருத்தி இருந்தாள். பேர் மினுக்கி. ஐந்து பிள்ளைகள். பகலில் வெயிலைக் குடித்து வயிற்றில் எண்ணெய்ச் சொட்டாக வைத்துக்கொள்வது, இருட்டினதும் செலவழித்துவிடுவது, இதுதான் பாசிக் குலத்து வழக்கம். மினுக்கிக்கு அது ஒத்துவரவில்லை. நாளைக்கு மேகம் மூடினால் பிள்ளைகள் என்ன செய்யும்? நினைத்து நினைத்து ஓரிடத்தில் நிற்க மாட்டாள். சேர்த்தாள், பிள்ளைகளையும் சேர்க்க வைத்தாள். ஐந்தும் உப்பிப் போயின.

"என்ன மினுக்கியக்கா, பிள்ளைங்க கொழுகொழுன்னு இருக்கே! ஒண்ணு கொடேன்" என்று ஒரு கூனி இறால் சப்புக் கொட்டினாள்.

"மீசையைப் பிடுங்கிடுவேன், போடி!"

வாய்தான் அப்படி, உடனே பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. "வாங்கடா, அடியில சேத்துக்குள்ள ஒளிஞ்சுக்கலாம். மழை விட்டதும் மேலே வந்துடலாம்."

"அங்கே வெயில் இருக்காதேம்மா?" என்றது கடைக்குட்டி.

"வயித்துல இருக்குல்ல, வா!"

இறங்கினார்கள். அந்த மழையில் ஆறு பெருகி, மேலே மண்ணாகக் கொட்டியது. அடுத்த மழையிலும் கொட்டியது. மண் இறுகிப் பாறையானது. மேலே பாரம், கீழே பூமியின் சூடு. அம்மாவும் பிள்ளைகளும் உருகி, ஒன்றாகக் கலந்து, கறுத்துப் போனார்கள். ஓரிடத்தில் நிற்காத குணம் மட்டும் மாறவில்லை. சந்து கிடைத்த வழியெல்லாம் கசிந்து ஏறினார்கள். கடைசியில் ஒரு கெட்டிப் பாறை மூடிபோல மறித்துக்கொண்டது.

அன்று முதல்தான் துளை விழுந்த இடத்தில் அவர்கள் முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள். ஆலையில் கொண்டுபோய்க் காய்ச்சினால் போதும், உயரக் கோபுரத்தில் பிள்ளைகள் ஐந்து பேரும் ஆளுக்கொரு தட்டாகப் பிரிந்துவிடுவார்கள். கடைக்குட்டி வாயுவாகி உச்சிக்கு ஓடும். அதற்குக் கீழே பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல். மூத்தது தாராகி அடியிலேயே உட்கார்ந்துவிடும். பற்றவைத்தால் எரிவது அன்றைக்குக் குடித்த வெயில்தான்.

துளை விழாத இடங்களில் மினுக்கி இன்னும் பாறையை முட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

"அண்ணே, ஊசி நுழையுற அளவு வழி விடுங்கண்ணே. என்னை விடலேன்னாலும் பரவாயில்லை, பிள்ளைங்களை மட்டும் மேலே அனுப்புங்க."