நடுங்க மறுத்த ஜாய்ஸ்டிக்

ஒரு மேசையில், கம்ப்யூட்டர் விளையாட்டில் விமானம் ஓட்டும் கைப்பிடியான ஒரு ஜாய்ஸ்டிக் வாழ்ந்து வந்தது. அதன் வயிற்றுக்குள் சின்ன மோட்டார் ஒன்று உண்டு. திரையில் பறக்கும் போர் விமானத்தின் மேல் குண்டு பட்டால் அது நடுங்கும். விமானம் வேகம் இழந்து தடுமாறினால் துடிக்கும். அந்த நடுக்கத்தை நம்பித்தான் அதன் எஜமானர் அறவாழி, நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதாக நினைத்து வியர்த்தார்.

ஜாய்ஸ்டிக்குக்கு இதில் பெருமையும் இருந்தது, உறுத்தலும் இருந்தது. ஒரு மனிதனின் கை மெய்யாகவே பயப்படும்படி பொய் சொல்வது நல்ல வேலைதானா? எதிரே இருந்த திரையிடம் ஒருமுறை கேட்டும் பார்த்தது.

"உன்னை யோசிக்கவா செஞ்சு வச்சாங்க?" என்றது திரை. "நடுங்கச் செஞ்சு வச்சாங்க. நடுங்கு."

ஞாயிறு பிற்பகல்களில் நான்கு பேர் இணையம் வழியே ஒன்றாகப் பறந்தார்கள். பருந்துப் படை என்று பெயர். நான்கு பேரும் நான்கு ஊர். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அறவாழி ஒன்று, அவர்தான் தலைவர். எல்லாம் நிஜம் போலவே இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பறக்கும்போது வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. நான்கு என்பவர் ஒருநாள் மறந்துபோய், குக்கர் எத்தனை விசில் விட்டது என்று யாரிடமோ கேட்டுவிட்டார். ஒரு மாதம் அவரைப் பறக்கவிடாமல் தரையிலேயே உட்கார வைத்தார்கள். இப்போதும் அவரைச் சீண்ட நினைத்தால் இரண்டு என்பவர் மெல்ல விசிலடிப்பார்.

அறவாழி அதோடு விடவில்லை. சண்டை உச்சத்தில் இருக்கும்போது திடீரென்று, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று அக்கறையாக விசாரிப்பார். பதில் சொன்னவர் தோற்றார். மூன்று என்பவர் மட்டும் மூன்று வருடமாக ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. ரேடியோவில் இரைச்சல், ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பறந்துகொண்டே இருப்பார். அவரைப் போல நிஜமாகப் பறக்க ஆள் கிடையாது என்று அறவாழி மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

அன்றைய ஞாயிற்றுக்கிழமை ஆறு எதிரி விமானங்கள் மேகத்துக்கு மேலிருந்து இறங்கின. நால்வரும் பிரிந்து திரும்பினார்கள். மூன்றின் விமானம் மட்டும் கோணல்மாணலாகப் போயிற்று. இடது கை பாரமாக இருக்கிறது என்றார் மூன்று. சொற்கள் குழறின. உயரத்தில் காற்றுக் குறைவு, இரண்டாயிரம் அடி கீழே இறங்கு என்று கட்டளையிட்டார் அறவாழி. மனுஷன் என்னமாய் நடிக்கிறார் என்று இரண்டு மெச்சிக்கொண்டார்.

அறவாழியின் தலையில் இருந்த ஹெட்போனுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அது ஜாய்ஸ்டிக்கைக் கூப்பிட்டது.

"மூணு இருக்கற இடத்துல ஒரு டம்ளர் விழுந்துச்சு. உருண்டு போய் நின்னுச்சு. யாரும் எடுக்கல. ஆகாயத்துல ஏதுப்பா டம்ளர்?"

"நடிப்புக்கு அதுவும் ஒரு சத்தம்" என்றது திரை.

"நடிக்கறவன் ஊருக்கே கேக்கட்டும்னு முனகுவான். இவரு முனகலை மறைக்கப் பாக்கறாரு. அவர் மூச்சு என் காதுக்குள்ளதான் இருக்கு, எனக்குத் தெரியாதா?"

ஜாய்ஸ்டிக் கலங்கியது. எஜமானருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் மனிதர்களிடம் பேச அதற்குத் தெரிந்தது ஒரே மொழி, நடுக்கம். இப்போது எவ்வளவு நடுங்கினாலும் அவர் அதைக் குண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் அப்படி நம்பும்படி மூன்று வருடம் பாடுபட்டதே அதுதானே.

பின்னாலிருந்து எதிரி சுட்டான். இறக்கை கிழிந்தது. நடுங்கு என்று மோட்டாருக்கு உத்தரவு வந்தது. ஜாய்ஸ்டிக் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

"என்ன பண்றே நீ?" என்று திரை சீறியது. "நாம விழப்போறோம்."

அறவாழியின் கைக்குள் வானம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் துண்டுதான் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த கறுப்புப் பிளாஸ்டிக். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. அதற்குப் பிறகுதான் காதில் அந்த மூச்சு விழுந்தது.

"மூணு, ரெண்டு கையையும் தூக்கு" என்றார்.

"வலது கை தூக்கிட்டேன், தலைவரே. இடது எங்க இருக்குன்னு தெரியல."

இது நடிப்பில்லை என்று அறவாழிக்குத் தெரிந்துவிட்டது. விளையாட்டை விட்டுவிடச் சொன்னார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். இது சட்டமீறல் என்று குறுக்கே வந்த இரண்டை வாயை மூடச் சொன்னார்.

மூன்று மெல்லச் சிரித்தார். "ரேடியோல இரைச்சல், தலைவரே. ஒண்ணும் கேக்கல."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க மூன்றைப் பழக்கியவரே அறவாழிதான். இனி எந்த உண்மையைச் சொன்னாலும் அது அங்கே சோதனையாகத்தான் போய்ச் சேரும். அறவாழி தலைவர் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"மூணு, உன் விமானம் தீப்பிடிச்சிருக்கு. இது கட்டளை. ஹெட்போனைக் கழட்டு. எழுந்திரு, முடியலைன்னா தவழ்ந்து போ. கதவைத் திற. வெளியில யார் இருந்தாலும் அவங்ககிட்ட சரணடை."

"எதிரி இருந்தா?"

"யாரா இருந்தாலும்."

"கட்டளை, தலைவரே" என்றார் மூன்று.

நாற்காலி சாயும் சத்தத்தை ஹெட்போன் கேட்டது. ஏதோ இழுபட்டது. வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் வந்தது. ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவள், கீழே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காரை எடுக்கச் சொல்லிக் கத்தினாள்.

அறவாழியின் விமானம் எப்போதோ வயலில் விழுந்து எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அன்று முழுக்க அவருக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்க ஒரு போன் நம்பர் இல்லை. எந்த ஊர் என்றே தெரியாது. மூன்றின் மைக் அணைக்கப்படாமல் கிடந்ததால், அந்த ஆளில்லாத அறையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நம்மை விழவைத்தவன் நீதான் என்று திரை ஜாய்ஸ்டிக்கைக் குத்திக்கொண்டே இருந்தது. உண்மைக்காக ஜாய்ஸ்டிக் நடுங்காமல் நின்றது சரிதான். ஆனால் கடைசியில் அந்த மனிதரை எழுந்து நடக்க வைத்தது ஒரு பொய் அல்லவா? அதை எந்தப் பக்கம் வைப்பதென்று அதற்குப் புரியவில்லை.

மறுநாள் மாலை ஹெட்போனில் மூன்றின் மனைவியான அந்தப் பெண்ணின் குரல் வந்தது. லைனில் யாராவது இருக்கிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அறவாழி பதறி நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கவாதம், நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், கை மெதுவாகத் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். பேச்சு ஓரளவு தெளிந்திருக்கிறதாம். துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து இதைக் காதில் மாட்டினாளாம்.

"வலது கையை மட்டும் தூக்கிட்டு வந்து நின்னாருங்க. உன்கிட்ட சரணடையறேன்னாரு. விளையாட்டுன்னு சிரிச்சுட்டேன். அப்புறம்தான் வாய் ஒரு பக்கமா கோணியிருக்கறதைப் பார்த்தேன். தலைவர் சொல்லித்தான் வந்தேன், மூணு வருஷப் பழக்கம், சொந்த அண்ணன் மாதிரிங்கறாரு. உங்க பேரைக் கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறாரு."

"அவருக்குத் தெரியாதும்மா" என்றார் அறவாழி.