ஒருத்தி விடாமல்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் கனகசபை என்றொரு மேஸ்திரி இருந்தார். கொட்டை உடைக்கும் பெண்களை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "ஏ பொட்டச்சிங்களா!" என்பார், எல்லாரும் ஓடி வரவேண்டும்.

புதிதாகச் சேர்ந்த செங்கமலம் ஒருநாள், "அப்படிக் கூப்பிடாதீங்க சார், மனசு வலிக்குது" என்றாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தக் கட்டடத்துல இருக்கிற பொட்டச்சிங்களை ஒருத்தி விடாம இப்பவே முற்றத்துக்குக் கூட்டிட்டு வா. யாராவது விட்டுப்போனா உனக்கு இங்கே வேலை கிடையாது!"

செங்கமலம் எல்லாரையும் அழைத்தாள். பிறகு மாடியேறிப் போய் முதலாளியம்மாவையும் பணிவாக அழைத்து வந்தாள்.

"எதுக்குக் கூப்பிட்டீங்க, கனகசபை?" என்று கேட்டார் முதலாளியம்மா.

கனகசபை பதறிக் கைகூப்பினார். "நான் உங்களைக் கூப்பிடலீங்களே!"

"கட்டடத்துல ஒரு பொட்டச்சி விடாம வரணும்னு சார்தாங்க சொன்னாரு," என்றாள் செங்கமலம். "உங்களை விட்டுட்டு வந்தா என் வேலை போயிடுமுங்க."

"ஐயோ, அது இவங்களைச் சொன்னதுங்கம்மா!"

முதலாளியம்மா பெண்களின் வரிசையில் போய் நின்றுகொண்டார். "எல்லாரும் வந்துட்டோம். இப்ப மரியாதையாக் கூப்பிடுங்க."

கனகசபை தலையைக் குனிந்துகொண்டு, "வாங்கம்மா" என்று முனகினார்.

"காதுல விழலீங்க சார்!" என்றாள் செங்கமலம்.