பாதாம் அல்வா பீர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சங்கரபாண்டியின் குருவுக்கு அவர் மகள் வயதுதான். பெயர் ஹெப்சிபா. தூத்துக்குடிக்காரி, மெல்பர்னில் அவர் மகளுக்குப் பக்கத்து வீடு. காரை வெயிலில் விட்டுவிட்டு, கார் கொட்டகையில் வீட்டுக்கென்று பீர் காய்ச்சுவாள்.

சங்கரபாண்டி ஊரில் பேர் போன அல்வா மாஸ்டர். அதெல்லாம் ஒரு காய்ச்சலுக்கு முந்திய கதை. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நெய் கருகியது தெரியாமல் ஒரு சட்டி பாதாம் அல்வாவைக் கிண்டி இறக்கினார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அடுப்பில் வேறு ஆள் நின்றான்.

பேத்தி பிறந்திருக்கிறாள் என்று மகள் கூப்பிட, மெல்பர்ன் வந்தார். பிள்ளையின் உச்சியை முகர்ந்தார். பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார் மனுஷர்.

ஒரு நாள் அந்தக் கொட்டகையைத் தாண்டும்போது, பீர் பொங்குகிற வாடை மூக்கில் லேசாகத் தட்டியது. நிஜமாகவே தட்டியதா, பிரமையா, அவருக்கே நிச்சயமில்லை. ஆனால் அது போதாதா? வெற்றிலை பழத்தட்டோடு போய் நின்றார்.

"எனக்கு இதைச் சொல்லிக்கொடு தாயி."

ஹெப்சிபா சிரித்துவிட்டாள். "தட்டெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? கையை நல்லா கழுவிட்டு வாங்க."

அவர் காய்ச்ச நினைத்தது பாதாம் அல்வா பீர். பாதாமைச் சிவக்க வறுத்தார். எண்ணெய் இருந்தால் நுரை நிற்காது என்று அவள் சொன்னதால், தாளில் வைத்து அழுத்தி எண்ணெயை எடுத்தார். ஏலக்காய், ஜாதிக்காய் தட்டிப் போட்டார். மகள் வீட்டு மூலையில் பீப்பாயை வைத்தார். முதலில் வைத்ததும் கெட்டது, அடுத்ததும் கெட்டது. மூன்றாவதில் ஒரு தம்ளர் பிடித்துக் குருவிடம் கொண்டுபோனார்.

அவள் ஒரு வாய் குடித்தாள்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"நல்லாயிருக்குன்னாங்க."

"காடி, அண்ணாச்சி."

"நாக்குல கொஞ்சம் புளிச்சுது. ஏலக்காய் பத்தலையோன்னு இன்னொரு பிடி போட்டேன்."

"ஒரு மூட்டை போட்டாலும் காடி காடிதான்."

இதுவரை யாரும் அவரிடம் இப்படிச் சொல்லவில்லை. சங்கரபாண்டி அங்கிருந்த கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"நீ சொன்னபடிதானே எல்லாம் செஞ்சேன். எங்க தப்பு?"

அவள் அவரோடு கிளம்பி வந்து பீப்பாயைப் பார்த்தாள். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து இளகிக் கிடந்தது.

"காத்து பட்டாதான் காடியாகும். பொங்கும்போது இதைத் திறந்தீங்களா?"

"எப்பவாச்சும்."

"அண்ணாச்சி."

"தினமும்."

"எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"காலையில எந்திரிச்சதும் தலையை உள்ள விடுவேன் தாயி. இன்னிக்கு வந்துரும்னு தோணும். வராது. காபி குடிச்சிட்டு இன்னொருக்கா பாப்பேன். இந்த வாடை ஒண்ணுதான் என்னை ஒரு தடவை தட்டுச்சு. வேற எதை நம்பச் சொல்லுத?"

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"வந்தாலும் வரும், வராமலும் போகும்னாரு."

ஹெப்சிபா மூடியைக் கழற்றினாள். காடியைக் கொட்டினாள். பீப்பாயை வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். தன் வீட்டிலிருந்து புது வளையம் கொண்டுவந்து மாட்டினாள். இருவரும் சேர்ந்து முளைகட்டிய பார்லி மால்ட் கஞ்சியைக் காய்ச்சி, ஆறவைத்து, ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவினார்கள். அவரே பாதாம் வறுத்தார். நிறத்தைப் பார்த்தே சரியாக இறக்கிவிட்டார். அவள் மூடியை அழுத்திப் பூட்டினாள்.

"இனி நான் சொல்லுற வரைக்கும் திறக்கக் கூடாது."

உள்ளறையில் பேத்தி அழுதாள். மகள் தாலாட்டுவது கேட்டது. சங்கரபாண்டியின் கை மூடிமேலேயே இருந்தது.

"திறக்காம இருந்தா, எனக்கு மூக்கு வந்துருச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

ஹெப்சிபா அவர் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"தெரியாது அண்ணாச்சி. பீர் நல்லா வரும்."