இருவாச்சி வாசலை அடைத்த கதை

அந்தக் காலத்தில் இருவாச்சிப் பறவைகள் நம்மைப் போலவே பேசும். திறந்த கிளையில் கூடு கட்டி, புருசனும் பெண்டாட்டியுமாகக் காடே கேட்கும்படி வாயடித்துக்கொண்டு வாழ்ந்தன.

அப்போதுதான் மலைக்குத் துரை வந்தான். காப்பித் தோட்டம் போட இடம் வேண்டுமாம். இது எங்கள் ஊர் என்று மலைச்சனம் சொல்லிப் பார்த்தது. அவன் காதில் ஏறவில்லை. ஒருநாள் காலையில் துப்பாக்கி ஆட்களோடு வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தான். ஆண்கள் வில்லோடு கணவாய்க்கு ஓடினார்கள். பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு மேல்காட்டுக்கு ஓடினார்கள்.

நஞ்சியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. பிள்ளை பெறப்போகிறவள் ஊருக்கு வெளியே தனிக்குடிசையில் இருக்கவேண்டும், ஆண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பெண்கள் கூட்டிப்போயிருப்பார்கள் என்று அவள் புருசன் மாதன் நினைத்தான். இப்படிப்பட்ட நாளில் வழக்கமாவது ஒன்றாவது, மாதனே தூக்கிப்போயிருப்பான் என்று பெண்கள் நினைத்தார்கள். பாவம், யாரைக் குற்றம் சொல்ல!

இடுப்புவலியோடு நஞ்சி தவழ்ந்துபோய் ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் ஒடுங்கினாள். துரையின் ஆட்கள் மரம் வெட்டிக்கொண்டே நெருங்கும் சத்தம் கேட்டது. அந்த மரத்தில் குடியிருந்த பெண் இருவாச்சி இறங்கிவந்து, தானும் உள்ளே புகுந்துகொண்டது.

"வாசலை மண்ணால் அடைத்துவிடு. உன் மூக்கு நுழைய மட்டும் இடம் விடு" என்று புருசனிடம் சொன்னது.

ஆண் இருவாச்சி ஈரமண்ணை அள்ளி அப்பியது. ஆட்கள் வந்து கோடாலியால் தட்டிப் பார்த்தார்கள். பொந்து மரம், பலகைக்கு ஆகாது என்று அடுத்த மரத்துக்குப் போனார்கள்.

உள்ளே பெண்குழந்தை பிறந்தது. குளிரில் வெடவெடத்தது. பெண் இருவாச்சி தன் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிள்ளைக்குக் கீழே பரப்பியது. இனி எப்படிப் பறப்பாய் என்று நஞ்சி அழுதாள்.

"எனக்கு முளைக்கும். முதலில் இவள் பிழைக்கட்டும்" என்றது அது.

ஆண் இருவாச்சி நாள்தோறும் அத்திப்பழம் கொண்டுவந்து இடுக்கு வழியே ஊட்டியது. ஒவ்வொரு முறையும் நஞ்சி, மாதனைப் பார்த்தாயா என்று கேட்டாள். கணவாயில் மாதன் குண்டடிபட்டுக் கிடந்ததை அது பார்த்திருந்தது. பச்சை உடம்புக்காரியிடம் அதை எந்த வாயால் சொல்வது? பேசாமல் இன்னொரு பழத்தை நீட்டியது. காடதிரப் பேசிய பறவைக்கு அது லேசான காரியமா?

ஏழாம் நாள் நஞ்சி கேட்கவில்லை. இடுக்கில் நீண்ட அந்த மூக்கை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"நீ சொல்லவேண்டாம் அண்ணா. எனக்குத் தெரிந்துவிட்டது."

அன்று முதல்தான் பெண் இருவாச்சி பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்கிறது, இறகை உதிர்த்துக் குஞ்சுக்குப் படுக்கை போடுகிறது; ஆண் இருவாச்சி வெளியே நின்று பழம் ஊட்டுகிறது, யார் கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.