இரண்டு விரல் இடம் விட்ட ஓலை

முன்னொரு காலத்தில், மனைவியைப் பிரிந்து ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத அரசர் ஒருவர் இருந்தார். ஏதோ சின்னக் கோபத்தில் அரசி கோதைநாச்சி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைத் திரும்ப அழைக்க அவருக்கு ஆசைதான். ஆனால் அந்த அரண்மனையில் ஒரு கெட்ட வழக்கம். அரசருக்கு இன்னது வேண்டும் என்று எழுத்தர் கை எழுதக் கூடாது. எழுதினால் அரசருக்கு ஏதோ குறை என்று ஊர் நினைத்துவிடுமாம்.

அதனால் ஓலை எழுதும் அதிகாரி மழவராயர், அரசர் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு, “விரைவில் அனுப்புக” என்று மட்டும் எழுதினார். எதை, யாரை என்று இல்லை. மாமனார் குழம்பிப்போய் இரண்டு வண்டி மாம்பழம் அனுப்பினார். அடுத்த ஓலைக்கு ஒரு யானை வந்தது. அந்த யானையைப் பார்த்து அரசர் கண்கலங்கினார் என்றால் பாருங்கள்.

அரண்மனை விகடன் விடங்கனுக்குப் பொறுக்கவில்லை. வினையை எழுதிவிட்டுச் செயப்படுபொருளை விட்டால் யாருக்குப் புரியும் என்று சபையிலேயே கேட்டுவிட்டான். மழவராயருக்கு ஏற்கெனவே அவன்மேல் எரிச்சல். அடுத்த ஓலையை அவனே எழுதட்டும், வழக்கத்தை மீறினாலும் அரசி வராவிட்டாலும் நாட்டைவிட்டுப் போகட்டும் என்றார். அரசரும் இருந்த ஏக்கத்தில் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் விடங்கன் ஓலையை நீட்டினான். “ஆறு மாதமாக” என்று தொடங்கி, இரண்டு விரல் இடம் விட்டு, “தேடுகிறேன்” என்று முடித்திருந்தான். பாதியில் நிற்கிறதே என்று மழவராயர் சிரித்தார்.

“எழுத்தர் கைதானே எழுதக் கூடாது, அரசே?” என்றான் விடங்கன். “வினையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அது யாரைப் போய்ச் சேர வேண்டும் என்பதை ஏங்குகிறவர்தான் எழுத வேண்டும்.”

அரசர் எழுத்தாணியை வாங்கினார். வாள் பிடித்தே பழகிய கை அது. அவள் குரலைக் கேட்காத ஆறு மாதமும் ஒன்றாக நினைவுக்கு வந்தது. விட்டிருந்த இடத்தில் “உன்னை” என்று கோணல்மாணலாக எழுதினார்.

ஓலை இந்த முறை அரசிக்கே போனது. ஐந்தாம் நாள் அவளிடமிருந்து பதில் வந்தது. ஒரே சொல்: “வருகிறேன்.” மழவராயர் எட்டிப் பார்த்து, இதிலும் செயப்படுபொருள் இல்லையே என்று முணுமுணுத்தார்.

“இந்த வினைக்கு அது தேவையில்லை, ஐயா,” என்றான் விடங்கன். “வந்தால் போதும்.”

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார். அவன் வணங்கி நிமிர்வதற்குள் கோட்டை வாசலுக்குப் போய் நின்றுவிட்டார்.

அரசி வந்து சேர இன்னும் இரண்டு நாள் இருந்தது.